எல்லோரும் ‘சிக் லீவ்’ போடுகிறார்களாம்... என் மகனும் போடலாமா?

கேள்வி:

தமிழ்நாடு காவல்துறையில் 34 வருடம் வேலை பார்த்து, சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவன் நான். ஊர் திருநெல்வேலிப் பக்கம். இப்போது மனைவியோடு கலிஃபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் மகன் வீட்டில் இருக்கிறோம். மகன் இங்கே ஒரு நடுத்தர நகரத்துப் போலீசில் நான்கு வருடமாக இருக்கிறான். மருமகள் இங்கேயே பிறந்த பெண், மென்பொருள் நிறுவனத்தில் வேலை. ஏழு மாதக் கர்ப்பம்.

போலீசாருக்கும் நகர நிர்வாகத்துக்கும் இருந்த சம்பள ஒப்பந்தம் போன ஜூன் 30ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எட்டு மாதமாகியும் புதுசு கையெழுத்தாகவில்லை. சங்கம் முதல் வருடம் 6 சதவீதம், பிறகு 5, 5 என்று கேட்கிறது. சிட்டி மேனேஜர் வருடத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்கிறார். ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒன்றரை சதவீதம் பிடிப்பார்களாம். கஜானாவில் பணமில்லை என்று சொல்லிக்கொண்டே புதிதாக ஒரு துணை மேனேஜரை நியமித்திருக்கிறார் என்று மகன் குமுறுகிறான். வருகிற வெள்ளிக்கிழமை ராத்திரி ஷிப்டில் எல்லோரும் சிக் லீவ் போட வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றுகிறது. இவன் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறான்.

சர்வீசில் இரண்டு முறை மெமோ வாங்கியவன் நான். எனக்குப் பயமாக இருக்கிறது. போலீஸ்காரன் சம்பளத்துக்குப் பேரம் பேசலாமா? வேலைநிறுத்தம் செய்ய இங்கே உரிமை உண்டா? இல்லை, பேசாமல் வேறு நகரத்துக்கு மாறிவிடுவது நல்லதா?

பதில்:

ஐயா, வணக்கம்.

வெள்ளிக்கிழமைக்கு நாள் அதிகமில்லை, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நிஜமாகவே உடம்பு சரியில்லாமல் போனால் ஒழிய, உங்கள் மகன் அன்று சிக் லீவ் போடக் கூடாது. சங்கத் தலைவரே சொன்னாலும் போடக் கூடாது. (அவர் சொல்ல மாட்டார். யார் எழுதியதென்றே தெரியாமல் அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்குக் காரணமே அதுதான்.)

இதற்கு இங்கே ‘ப்ளூ ஃப்ளூ’ என்று பெயர். நீலச் சட்டைக்காரர்களுக்கு மட்டும், ஒரே ராத்திரியில், மொத்தமாக வருகிற காய்ச்சல். கலிஃபோர்னியாவில் அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்யலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1985இல் சொல்லியிருக்கிறது. பொதுமக்களின் உயிருக்கும் பாதுகாப்புக்கும் உடனடி ஆபத்து வரக் கூடாது என்ற நிபந்தனையோடு. தீயணைப்பு வீரர்களுக்கு ஏற்கெனவே சட்டமே தடை போட்டிருக்கிறது. போலீஸ் விஷயம் 1989இல் சான்டா ஆனா நகரத்தின் வழக்கில் வந்தது. போலீசாருக்கு வேலைநிறுத்த உரிமை கிடையாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்துவிட்டது. கூடிப் பேசி வைத்துக்கொண்டு லீவ் போடுவதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

ஆனால் நான் கவலைப்படுவது அந்தத் தீர்ப்பை நினைத்து இல்லை. திங்கட்கிழமை காலை என்ன நடக்கும் என்பதை நினைத்து. சார்ஜென்ட் கூப்பிட்டு, “வெள்ளிக்கிழமை உனக்கு என்ன செய்தது?” என்று கேட்பார். உங்கள் மகன் “வயிறு சரியில்லை” என்பார். அன்று ராத்திரி அவர் மைத்துனன் வீட்டுப் பிறந்தநாள் படத்தில் கேக்கோடு நின்றிருந்தால் கதை முடிந்தது. லீவ் போட்ட குற்றம் பின்னால் போய்விடும். மேலதிகாரியிடம் பொய் சொன்னார் என்ற குற்றம் முன்னால் வந்து நிற்கும். நம் ஊரில் அதற்கு ஒரு மெமோ, அதிகம் போனால் ஒரு இன்கிரிமென்ட் கட். இங்கே அப்படி இல்லை. 1963இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரேடி வழக்கில் ஒரு விதி வைத்தது: குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான எதையும் அரசுத் தரப்பு மறைக்கக் கூடாது. சாட்சி சொல்ல வரும் போலீஸ்காரர் முன்பு பொய் சொல்லி மாட்டியவர் என்பதும் அதில் அடங்கும். அப்படிப்பட்டவர்களின் பெயர்களைப் பல மாவட்ட வழக்கறிஞர் அலுவலகங்கள் பட்டியலாகவே வைத்திருக்கின்றன. அதில் ஏறியவரைக் கூண்டில் ஏற்ற எந்த வழக்கறிஞருக்கும் மனம் வராது. சாட்சி சொல்ல முடியாத போலீஸ்காரரை வைத்துக்கொண்டு ஸ்டேஷன் என்ன செய்யும்? நீங்கள் கேட்டிருக்கிற “வேறு நகரத்துக்கு மாறலாமா” என்ற கதவும் அன்றோடு சாத்திக்கொள்ளும். ஒரு ராத்திரி லீவுக்கு இது பெரிய விலை.

உங்கள் மகனின் நண்பர்கள் 1975ஐ எடுத்துக் காட்டக்கூடும். பக்கத்துச் சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது. போலீசார் 13 சதவீதம் கேட்டார்கள். நகரத்தின் மேற்பார்வையாளர் சபை ஆறரைதான் தர முடியும் என்றது. ஆகஸ்ட் மாதம் போலீசார் வெளியே இறங்கினார்கள். நீதிமன்ற உத்தரவு வந்தும் அசையவில்லை. மேயர் ஜோசப் அலியோட்டோவின் வீட்டில் குண்டு வெடித்தது. “எங்களை மிரட்டாதே” என்று புல்தரையில் ஒரு அட்டை கிடந்தது. கடைசியில் மேயர் அவசரநிலை அதிகாரத்தைக் கையிலெடுத்து, சபையை மீறி 13 சதவீதத்தைக் கொடுத்துவிட்டார். ஜெயித்துவிட்டார்கள் என்று கதையை இங்கே நிறுத்துவார்கள். அதே நவம்பரில் மக்கள் வாக்குச்சாவடிக்குப் போய், இனி வேலைநிறுத்தம் செய்யும் போலீஸ்காரருக்கு வேலை இல்லை என்று நகரத்தின் அடிப்படைச் சட்டமான சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அதற்கும் முந்தியது பாஸ்டன், 1919. சீருடையைக்கூடச் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டு, வாரத்துக்கு 70, 80 மணி நேரம் உழைத்த படை அது. 1,544 பேரில் 1,117 பேர் வெளியேறினார்கள். அவர்களில் ஒருவரையும் திரும்ப எடுக்கவில்லை. புதிதாக எடுத்தவர்களுக்குச் சம்பளத்தைக் கூட்டினார்கள், சீருடையையும் இலவசமாகக் கொடுத்தார்கள். போனவர்கள் கேட்டதை வந்தவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. போலீஸ்காரன் பேரம் பேசலாமா? உங்களுக்கு அது ஏன் விபரீதமாகப் படுகிறது என்று எனக்குப் புரிகிறது. நம் ஊரில் போலீஸ் சம்பளம் மாநில அரசின் கையில். சென்னையில் மாநகராட்சிக்கு ஒரு கமிஷனர், போலீசுக்கு ஒரு கமிஷனர். பின்னவரின் சம்பளத்துக்கும் மாநகராட்சிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பே கமிஷன் சொல்லும், அரசாணை வரும், அரியர்ஸ் வரும்போது வரும். 1966ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று, அனுமதி இல்லாமல் போலீசார் தொழிற்சங்கத்தில் சேரவே கூடாது என்கிறது. 1979இல் பஞ்சாபில் தொடங்கிப் பல மாநிலங்களில் போலீசார் தெருவில் இறங்கியபோது நீங்கள் சர்வீசுக்குப் புதுசாக இருந்திருப்பீர்கள். அதன் சூடு உங்களுக்கு நினைவிருக்கும்.

இங்கே நகரம்தான் முதலாளி. உங்கள் மகனின் சம்பளம் அந்த ஊர்க் கடைகளின் விற்பனை வரியிலும் வீட்டு வரியிலும் இருந்து வருகிறது. 1968இல் வந்த மேயர்ஸ்-மிலியாஸ்-பிரவுன் சட்டப்படி, நகர நிர்வாகம் ஊழியர் சங்கத்தோடு உட்கார்ந்து, நல்லெண்ணத்தோடு பேசியே ஆக வேண்டும். ஆகவே பேரம் பேசுவது ஒழுங்கீனம் இல்லை. அதுதான் இங்கே நடைமுறை. உங்கள் மகன் குமுறுகிறாரே, அந்தச் சிட்டி மேனேஜர் தேர்தலில் நின்று வந்தவரும் இல்லை. நகர மன்றம் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் அதிகாரி. மன்றம் மூடிய அறையில் “இதற்கு மேல் போகாதே” என்று ஒரு எண்ணைச் சொல்லி அனுப்பியிருக்கும். அவர் அந்த எண்ணுக்குக் கீழேதான் சுற்றிச் சுற்றி வருவார். அவரைத் திட்டிப் பயனில்லை. மன்றத்தில் உட்கார்ந்திருக்கும் ஐந்து பேரோ ஏழு பேரோதான் அந்த எண்ணை மாற்ற முடியும்.

இப்போது எண்களுக்கு வருவோம். நான் வக்கீல் இல்லை. இருபது வருடத்துக்கு மேல் இந்தப் பேச்சுவார்த்தைகளில் கணக்குப் பார்த்தவன், முதலில் நகராட்சிகளின் பக்கம், பிறகு சங்கங்களின் பக்கம். சதவீதச் சண்டையில் எனக்கு ஆர்வம் குறைந்து வெகுகாலம் ஆகிறது. காரணம் சொல்கிறேன்.

உங்கள் மகனின் அடிப்படைச் சம்பளம் மாதம் 10,000 டாலர் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 3 சதவீதம் ஏறினால் 300. சம்பளம் 10,300. அதில் ஓய்வூதியத்துக்குப் புதிதாக ஒன்றரை சதவீதம் பிடித்தால் 154 டாலர் போய்விடும். குடும்பக் காப்பீட்டின் பிரீமியம் அந்த வருடம் மாதத்துக்கு 120 டாலர் கூடி, நகரம் கொடுக்கும் பங்கு கூடாமல் அப்படியே நின்றால், அந்த 120ம் ஊழியர் தலையில். மிஞ்சுவது 26 டாலர், வரிக்கு முன்னால். பேப்பரில் 3 சதவீதம், கையில் ஏறக்குறைய கால் சதவீதம்தான். 6 சதவீதத்துக்காகத் தொண்டை கிழியக் கத்திவிட்டு 4க்குச் சம்மதித்து, காப்பீடு, ஓய்வூதியம் பற்றிய இந்த இரண்டு ஷரத்துகளையும் கவனிக்காமல் கையெழுத்துப் போட்ட சங்கங்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் கதையே ஒன்று உண்டு. ஒரு நகரம், பெயர் வேண்டாம். நான் அப்போது நிர்வாகத்தின் பக்கம். முதல் பக்கத்தில் நல்ல தடித்த எழுத்தில் 4 சதவீதம் என்று போட்டிருந்தோம். ராத்திரி பதினொன்றரை மணி, மேசையில் ஆறிப்போன பீட்ஸா. எதிரே ஒரு வயதான சார்ஜென்ட். முதல் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பக்கங்களை ஒவ்வொன்றாக எச்சில் தொட்டுத் திருப்பி, பதினோராம் பக்கத்தில் நிறுத்தி, ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். காப்பீட்டுக்கு நகரம் தரும் பங்கைச் சதவீதத்திலிருந்து மாற்றி ஒரு நிலையான டாலர் தொகையாக எழுதியிருந்த வரி. “இது யார் எழுதியது?” என்று மட்டும் கேட்டார். எழுதியவன் நான். மூன்றாம் வருடம் அந்த வரி அவர்களின் உயர்வில் பாதியை விழுங்கியிருக்கும். அவருக்குக் கணக்குப் பாடம் எவ்வளவு வரும் என்று எனக்குத் தெரியாது; எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

ஆகையால் மகனிடம் கேளுங்கள்: நிர்வாகத்தின் கடைசி முன்மொழிவை அவர் முழுசாகப் படித்தாரா, இல்லை வாட்ஸ்அப்பில் வந்த சதவீதத்தை மட்டும் படித்தாரா? காப்பீடு பற்றிய ஷரத்தையும் ஓய்வூதியம் பற்றிய ஷரத்தையும் பார்க்கட்டும். அப்புறம் ‘ரெட்ரோ’ என்ற சொல்லைத் தேடட்டும். உங்கள் பாஷையில் அரியர்ஸ். ஒப்பந்தம் முடிந்தாலும் பழைய சம்பளமும் நிபந்தனைகளும் அப்படியே ஓடும், யாரும் உடனே எதையும் வெட்டிவிட முடியாது. அந்தப் பயம் வேண்டாம். ஆனால் புதிய உயர்வு போன ஜூலை 1லிருந்து கணக்கா, இல்லை மன்றம் ஒப்புதல் கொடுத்த நாளிலிருந்தா என்பதைச் சட்டம் சொல்லாது, பேரம்தான் சொல்லும். மேலே போட்ட கணக்கில் எட்டு மாதத்துக்கு 2,400 டாலர். பேச்சு இழுக்க இழுக்க அது யார் பையில் மிச்சமாகிறது என்று பாருங்கள். நிர்வாகங்கள் அவசரப்படாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு விஷயத்தில் என் கண் நின்றது. மருமகள் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறார். அப்படியானால் மகன் அவருடைய காப்பீட்டில் சேர்ந்துகொண்டு, நகரத்தின் காப்பீட்டை வேண்டாமென்று சொல்லி, அதற்குப் பதிலாக மாதாமாதம் ரொக்கம் வாங்கிக்கொண்டிருக்கலாம். இந்தப் பக்கத்தில் பல தம்பதிகள் அப்படித்தான் செய்கிறார்கள். அப்படி இருந்தால் இதைப் படியுங்கள். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் சான் கேப்ரியல் என்றொரு நகரம். அங்கே போலீசார் சிலர் இதே ரொக்கத்தை வாங்கினார்கள். ஓ.டி. கணக்குப் போடும்போது நகரம் அந்தத் தொகையைச் சம்பளத்தில் சேர்க்கவில்லை. போலீசார் வழக்குப் போட்டார்கள். அந்த ரொக்கமும் சம்பளம்தான், மணிக் கூலியில் அதைச் சேர்த்துத்தான் ஒன்றரை மடங்கு போட வேண்டும் என்று 2016இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இரண்டு வருடத்துக்குப் பதில் மூன்று வருடத்துப் பாக்கியையும் கொடுக்க வைத்தது, ஏனென்றால் அந்தத் தொகையை எப்படி வகைப்படுத்துவது என்று நகரம் ஒழுங்காக விசாரித்துக்கூடப் பார்க்கவில்லை. அதன் பிறகு பல நகரங்கள் தங்கள் கணக்கைத் திருத்திக்கொண்டன. உங்கள் மகனுடைய நகரம் திருத்தியிருக்கிறதா என்று அவருடைய சம்பளச் சீட்டை வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: ஒப்பந்தப்படி வரும் ஓ.டி. வேறு, ஃபெடரல் (மத்திய அரசு) சட்டப்படி வரும் ஓ.டி. வேறு. போலீசுக்கு 28 நாளில் 171 மணி நேரம் வரை ஓ.டி. தராமல் இருக்க ஃபெடரல் சட்டம் நகரங்களை அனுமதிக்கிறது. சான் கேப்ரியல் வழக்கு ஃபெடரல் ஓ.டி. பற்றியது. இதைச் சங்கத்து வக்கீலிடம் கேட்பதுதான் சரி. ஒப்பந்தம் எப்படிப் போனாலும் இந்தப் பாக்கி தனி.

‘பணமில்லை’ என்ற பேச்சு உண்மையா? சில நேரம் உண்மை. விரிகுடாவின் வடக்கில் இருக்கும் வலேஹோ நகரம் 2008 மே மாதம் திவாலாக முடிவெடுத்தது. பொது நிதியில் பெரும்பங்கு போலீசுக்கும் தீயணைப்புக்குமே போய்க்கொண்டிருந்த ஊர் அது. வீட்டு விலை சரிந்ததும் வருமானம் சரிந்தது. திவால் சட்டத்தின் கீழ் ஊழியர் ஒப்பந்தங்களையே நிராகரிக்க முடியும் என்று திவால் நீதிமன்றம் சொன்னபோது கலிஃபோர்னியாவின் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் வயிற்றில் புளியைக் கரைத்தது. ஆனால் எல்லா நகரமும் வலேஹோ இல்லை. நகரத்தின் ஆண்டு நிதி அறிக்கை பொதுவில் கிடைக்கும். அதில் பொது நிதியின் கையிருப்பைப் பாருங்கள். அதைவிட முக்கியமாக, போலீஸ் துறையில் எத்தனை இடம் காலியாகக் கிடக்கிறது என்று கேளுங்கள். பட்ஜெட்டில் நூறு பேருக்குச் சம்பளம் ஒதுக்கி எண்பத்தைந்து பேரை வைத்து ஓட்டினால், மீதிப் பதினைந்து பேரின் சம்பளம் எங்கே போகிறது? கொஞ்சம் ஓ.டி.யாக உங்கள் மகனுக்கே வருகிறது. மிச்சத்தை ‘சேமிப்பு’ என்று ஒரு வரியில் எழுதிவைத்திருப்பார்கள். துணை மேனேஜரின் சம்பளத்தைப் பற்றிக் குமுறுவதை விட இந்த வரியைப் பற்றிக் குமுறினால் மன்றத்தில் எடுபடும்.

பேச்சு முறிந்தால் என்ன ஆகும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘இம்பாஸ்’ என்று அறிவிப்பார்கள். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் ஒரு மத்தியஸ்தர் வருவார். இரண்டு அறைக்கும் நடுவே காகிதத்தோடு நடந்துகொண்டே இருப்பார். அதிலும் முடியாவிட்டால், பொது விசாரணை ஒன்றை வைத்துவிட்டு, தன் கடைசி முன்மொழிவை நகரம் ஒருதலையாக அமல்படுத்தலாம். அது ஒப்பந்தம் ஆகாது. அடுத்த வருடம் மறுபடியும் உட்கார்ந்து பேசச் சங்கத்துக்கு உரிமை உண்டு. சில நகரங்களின் சாசனத்தில் மட்டும், முடிவைக் கட்டாயம் ஒரு நடுவரிடம் விட வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கும். மாநிலம் முழுக்க போலீசுக்கும் தீயணைப்புக்கும் அதைக் கொண்டுவர 2000இல் ஒரு சட்டம் போட்டார்கள். மாநில உச்ச நீதிமன்றம் 2003இல் அதை அடித்துவிட்டது. உங்கள் நகரத்துச் சாசனத்தில் அப்படி ஒரு பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆட்டமே வேறு.

சரி, வேலைநிறுத்தமும் இல்லை, சிக் லீவும் இல்லை என்றால் போலீஸ்காரருக்கு என்னதான் பலம்? பக்கத்து நகரம்தான் பலம். பத்து மைல் தள்ளி இன்னொரு போலீஸ் துறை, அங்கேயும் ஆள் பற்றாக்குறை, பயிற்சி முடித்த ஆள் வந்தால் தாம்பூலத் தட்டோடு காத்திருக்கிறார்கள். இதைச் சான் ஹோசே நகரம் பட்டுத் தெரிந்துகொண்டது. 2011இல் போலீசாரின் சம்பளத்தில் 10 சதவீதம் வெட்டு. 2012இல் ஓய்வூதியச் செலவைக் குறைக்க மேயர் சக் ரீட் மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்த ‘மெஷர் பி’ என்ற தீர்மானத்துக்குக் கிட்டத்தட்ட 70 சதவீத வாக்கு. வேலைநிறுத்தம் எதுவும் நடக்கவில்லை. ஒவ்வொருவராக ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டுப் பக்கத்து ஊர்களுக்குப் போனார்கள். 2008 வாக்கில் 1,400 பேர் அளவில் இருந்த படை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. 2016இல் துப்பறியும் பிரிவினரையே ரோந்துக்கு அனுப்ப வேண்டிய நிலை. அதே வருடம் நவம்பரில் ‘மெஷர் எஃப்’ என்ற பெயரில் பழையதற்குப் பதிலாக ஒரு சமரசத்தை மக்களே வாக்களித்துக் கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து விரிகுடாப் பகுதியில் எந்தச் சிட்டி மேனேஜருக்கும் ‘சான் ஹோசே மாதிரி ஆகிவிடும்’ என்ற வாக்கியத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இது சங்கத்துக்குப் பலம். உங்கள் மகன் ஒருவருக்கு மட்டும் பார்த்தால் கணக்கு கொஞ்சம் வேறு. மாறினால் மறுபடியும் பின்னணி விசாரணை, மறுபடியும் புரொபேஷன். சீனியாரிட்டி சுழியத்திலிருந்து தொடங்கும். ஷிப்டைத் தேர்ந்தெடுப்பது சீனியாரிட்டிப்படி என்பதால், கைக்குழந்தையோடு ராத்திரி ஷிப்டில் போய் விழுவார். அகாடமியில் சேரும்போது பயிற்சிச் செலவைத் திருப்பித் தருவதாக ஏதாவது கையெழுத்துப் போட்டாரா என்றும் பார்க்க வேண்டும். ஓக்லாந்தில் அப்படி ஒரு ஏற்பாடு இருந்தது: ஐந்து வருடத்துக்குள் போனால் 8,000 டாலரில் மீதி வருடங்களுக்கான பங்கைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஒரு அதிகாரி வழக்குப் போட்டு 2010இல் தோற்றுப்போனார். உங்கள் மகனுக்கு நான்கு வருடம் முடிந்துவிட்டதால் இருந்தாலும் சிறு தொகைதான்.

ஓய்வூதியத்தில் பெரிய நஷ்டம் வராது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1ஆம் தேதி ஒரு கோடு கிழித்து, அதற்குப் பிறகு சேர்ந்தவர்களைப் பழைய பென்ஷனுக்கு வெளியே நிறுத்தினார்களே, அதுபோல இங்கே 2013 ஜனவரி 1 ஒரு கோடு. அதற்கு முன்னால் வந்தவர்களில் பலர் 50 வயதில், சர்வீஸ் வருடம் ஒன்றுக்குச் சம்பளத்தில் 3 சதவீதம் என்ற கணக்கில் ஓய்வு பெறலாம். உங்கள் மகன் கோட்டுக்கு இந்தப் பக்கம்; பொதுவாக 57 வயதில், 2.7 சதவீதம். பெரும்பாலான நகரங்களில் எங்கே போனாலும் அந்தக் கோடு கூடவே வரும். கால்பெர்ஸ் என்ற மாநில ஓய்வூதிய அமைப்பில் இருக்கும் நகரங்களுக்குள் மாறினால் ஒன்றும் யோசிக்க வேண்டாம். சான் ஹோசேக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் சொந்த ஓய்வூதிய நிதி. அங்கே போவதானால் பழைய வேலைக்கும் புதிய வேலைக்கும் நடுவே ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. விட்டால் இரண்டு சர்வீசையும் கோத்துப் பார்க்கும் சலுகை போய்விடும்.

என் யோசனையைக் கேட்டால், இந்த வருடம் மாற வேண்டாம் என்பேன். ஒப்பந்தம் முடிந்து, புதுச் சம்பளம் என்னவென்று கையில் எழுத்தாக வந்த பிறகு இரண்டு நகரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். கோபத்தில் மாறியவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் பழைய நகரம் போட்ட ஒப்பந்தத்தைப் பார்த்து நொந்துகொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

அதுவரை உங்களுக்கு ஒரு வேலை. வழக்கமான நகர மன்றக் கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பாக நிகழ்ச்சி நிரலை ஒட்ட வேண்டும் என்பது சட்டம். அதில் ‘மூடிய அமர்வு’ என்ற தலைப்பின் கீழ் போலீஸ் சங்கத்தின் பெயரும், நகரத்துக்காகப் பேசுபவரின் பெயரும் இருக்கிறதா என்று வாராவாரம் பாருங்கள். இருந்தால் அன்று எண் அசையப் போகிறது, அல்லது அசைக்க யோசிக்கிறார்கள் என்று அர்த்தம். மூடிய அமர்வுக்கு முன்னால் பொதுமக்கள் பேச நேரம் உண்டு. நீங்கள் பேச வேண்டாம். அப்பா எழுந்து பேசினார் என்று ஸ்டேஷனில் பத்து வருடத்துக்குக் கேலி பேசுவார்கள். பின் வரிசையில் போய் உட்காருங்கள். எத்தனை உறுப்பினர்கள் போலீஸ்காரர்களின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள், எத்தனை பேர் காகிதத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்று எண்ணுங்கள். 34 வருடம் விசாரணை செய்த கண்ணுக்கு அது போதும்.

இன்னொன்று, ஒப்பந்தத்துக்குச் சம்பந்தமில்லாதது. குழந்தை பிறந்ததும் ஏதாவது ஒரு காப்பீட்டில் அதன் பெயரைச் சேர்க்க வேண்டும். பல நிறுவனங்களில் அதற்குக் கெடு பிறந்த நாளிலிருந்து 30 நாள்தான். மகன் நகரத்தின் காப்பீட்டுக்குத் திரும்புவதா, ரொக்கத்தையே தொடர்வதா என்பதையும் அப்போதே முடிவு செய்தாக வேண்டும். பேச்சுவார்த்தையில் அந்த ரொக்கத்துக்கு நிர்வாகம் உச்சவரம்பு வைக்கப் பார்க்கிறதா என்று இப்போதே கேட்டுவைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது பதினோராம் பக்கத்தில்தான் இருக்கும்.